துறைக்கு வரவேண்டியவர்கள் துரை வீட்டுக்குப் போன கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் பிள்ளைகளுக்கு, பிலோமினா அம்மா எழுதுவது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் வேலை பார்த்தது முழுக்க, பாடம் நடத்துகிறவர்களுக்கே பாடம் நடத்துகிற இடத்தில். பல்கலைக்கழகத்தின் கல்வியியல் புலத்தில் அட்டெண்டராக இருந்து, மாதாவின் தயவில் ஒரு குறையும் இல்லாமல் ஓய்வு பெற்றுவிட்டேன். குறை இல்லாமல் என்று எழுதியதும் கை கூசுகிறது. ஒரு குறை உண்டு. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு போன், ஒரே ஒரு எழுத்து. அதைத்தான் சொல்லப்போகிறேன். சிரித்துக்கொண்டே படியுங்கள், நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நம் புலத்தில் ஐந்து துறை என்பது உங்களுக்குத் தெரியும். கல்வி உளவியல் துறை, கல்வி மேலாண்மைத் துறை, கல்வித் தொழில்நுட்பத் துறை, மொழிக் கல்வித் துறை, சிறப்புக் கல்வித் துறை. ஒரே தாழ்வாரத்தில் ஐந்து கதவு, ஐந்து பலகை, ஐந்திலும் கல்வி. சேர்ந்த முதல் வாரத்தில் உளவியலுக்கு வந்த தபாலைத் தொழில்நுட்பத்தில் கொடுத்துவிட்டேன். அந்தப் பேராசிரியர் அதைப் பிரித்து, படித்து, அந்தக் கூட்டத்துக்கே போய் உட்கார்ந்து, பேசிவிட்டும் வந்துவிட்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. இந்தத் துறைக்கும் அந்தத் துறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று.

கடைசிக் கதவு சிறப்புக் கல்வி. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களைத் தயார் செய்கிற துறை. ஒரு துறைத் தலைவர், இரண்டு தற்காலிக ஆசிரியர், பதினெட்டு மாணவர். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, இவ்வளவு சிறிய துறை தனியாக எதற்கு, உளவியலோடு சேர்த்துவிட்டால் என்ன என்று மேலே பேச்சு வந்தது. சேர்த்துவிட்டால் மறு வருடம் அந்தப் படிப்புக்கு ஆள் எடுக்க மாட்டார்கள். தற்காலிக ஆசிரியர்கள் வீட்டுக்கு. மதியம் பயிற்சி வகுப்புக்குக் கொடுங்கையூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வருகிற சின்னப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதற்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை.

பார்த்து முடிவு சொல்ல வெளியூரிலிருந்து மூன்று பேர் குழு வருகிறது என்றார்கள். அதில் பெரியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேராசிரியர். அவர் பேனா மூடியைத் திறந்தால் ஒரு துறை மூடும் என்று தாழ்வாரத்தில் பேச்சு.

சிறப்புக் கல்வித் துறைத் தலைவர் அம்மாவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கோபித்துக்கொள்வார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "பிலோமினா, காலைல பத்து மணிக்கு அவங்க இங்க இருந்தா போதும். மத்தது நான் பாத்துக்கறேன்" என்றார். பல்கலைக்கழகக் கார் பழுது. வண்டி ஏற்பாடு என் பொறுப்பு.

எங்கள் ராயபுரம் தெருவிலேயே யூசுப் பாய் இருக்கிறார். வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், தொழுகை நேரம் தவிர வேறு எதற்கும் வண்டியை நிறுத்த மாட்டார். முந்தின நாள் சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன். போட்ட நேரம்தான் தப்பு. நான் ஏணியில் நின்று பலகை துடைத்துக்கொண்டிருக்கிறேன், கீழே நாற்காலி இறக்குகிறார்கள், தடால் தடால் என்று சத்தம்.

"பாய், எழும்பூர் லாட்ஜ்ல மூணு பெரியவங்க இருக்காங்க. காலைல ஒம்போது மணிக்கு ஏத்திகினு நேரா தொறைக்கு வந்துடு."

"எந்தத் தொரைம்மா?"

"எந்தத் தொறையா? நம்ம ஸ்பெஷல் தொறை பாய். தலைவர் வாசல்லயே நிப்பாங்க."

"அட, தலைவரா! இத்த நீ சொல்லணுமா? நான் பாத்துக்கறேன், போ."

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வாயில் வல்லின றகரமும் இடையின ரகரமும் ஒரே பாயில் படுப்பவை. தண்டையார்பேட்டையில் துரை என்று ஒருவர் இருக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டின் தலைவர். சின்னப் பிள்ளை முதல் போலீஸ்காரர் வரை அவருக்குத் 'தலைவர்' என்றுதான் பெயர். மறுநாள் காலை அவர் பேத்திக்குக் காதுகுத்து. எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்ப் பக்கம். 'சம்பந்தி வழியில் சில பேர் வருவாங்க, எழும்பூர்ல தங்குவாங்க, போன் வந்தா போய்க் கூட்டிகினு வா' என்று துரை ஏற்கெனவே யூசுப் பாயிடம் சொல்லி வைத்திருக்கிறார். அந்தப் போன்தான் இது என்று பாய் நினைத்துவிட்டார். நான் துரைக்காகப் பேசுகிறேன் என்று.

பாய் இப்படி நினைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை பூசை பார்த்துவிட்டு, புதுப் புடவை கட்டிக்கொண்டு, திருவொற்றியூரில் நம் கட்டட வாசலில் நிற்கிறேன். பக்கத்தில் தலைவர் அம்மா. அவர் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு மாணவி ஜெயந்தி. ஜெயந்திக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. உதடு பார்த்துப் பேச்சைப் பிடிப்பாள், கை ஜாடையில் பதில் சொல்வாள். அந்தப் பதினெட்டுப் பேரில் முதல் மதிப்பெண் அவள்தான்.

பத்து மணி. பத்தே கால். வண்டி இல்லை. போன் போட்டால் அந்தப் பக்கம் டிரம்ஸ் செட் இடி மாதிரி இடிக்கிறது.

"பாய், எங்க இருக்கீங்க?"

"இன்னாம்மா கேக்குற! அப்பவே தொரைகிட்ட வந்தாச்சு! தலைவர் மாலையே போட்டுட்டாரு!"

நான் திரும்பித் தலைவர் அம்மாவைப் பார்த்தேன். கையில் மாலை அப்படியே இருக்கிறது.

"பாய், தலைவர் என் பக்கத்துல நிக்கிறாங்க."

"யம்மா, தலைவர் என் பக்கத்துல நிக்கிறாரு! வெள்ளை வேட்டி கட்டிகினு! கேசரி துன்றாங்க மூணு பேரும். நீ எப்ப வர? பத்தர் ஊசிய எடுத்துட்டாரு!"

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தோணியாரே! காது கேளாத பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள் காதுகுத்துக்குப் போய்விட்டார்கள்!

சாவி தொலைந்தால், மோதிரம் தொலைந்தால் அந்தோணியாரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு முழுக் குழுவைத் தொலைத்துவிட்டு அவரிடம் போனது அதுதான் முதல் தடவை. 'மூன்று பேராசிரியர் ஐயா, முழுசாகத் திருப்பிக் கொடும், செவ்வாய்க்கிழமை நவநாளில் கூடை நிறைய பன் கொடுக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போது நம் ஆபீஸ் சூப்பிரண்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக அழைத்தார். விஷயத்தைக் கேட்டார். தலையில் அடித்துக்கொண்டார். "பிலோமினா, வாயத் தொறக்காத. கன்டெய்னர் லாரி மாட்டிகிச்சு, ரோடு ஜாம்னு சொல்லிடு. இந்த ரோட்டுல அத்த எவனும் சந்தேகப்பட மாட்டான்."

நல்ல பொய்தான். எங்கள் பக்கத்தில் அதைவிட நல்ல பொய் கிடையாது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தலைவர் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. இவள் என்ன சொன்னாலும் நம்பலாம் என்கிற பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் நிற்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் மாலையைச் சூப்பிரண்டு கையில் கொடுத்தார். பிறகு கேட்டார். "யார் வீட்டுக் காதுகுத்து?"

"ஸ்டாண்டு துரை வீடும்மா. தண்டையார்பேட்டை."

"சாப்பாடு போடுவாரா?"

"போடுவாரும்மா."

"அப்போ பட்டினியா இல்ல. நல்லது. ஆட்டோவைக் கூப்பிடு. போகலாம்." ஜெயந்தியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது சூப்பிரண்டின் காதிலும் விழும்படி சொன்னார்: "தப்பை நாமளே முதல்ல சொல்லிட்டா அது செய்தி. இன்னொருத்தர் சொன்னாதான் அது புகார்."

பிள்ளைகளே, இந்த ஒரு வரியை எழுதி மேஜையில் ஒட்டி வையுங்கள்.

நாங்கள் போவதற்குள் அங்கே என்ன நடந்தது என்பதை யூசுப் பாய் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். வேனிலிருந்து இறங்கிய கோவைப் பேராசிரியர், மாலையும் மேளமும் பார்த்து, துறை ஏதோ மக்கள் தொடர்பு நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, துறைத் தலைவர் யாருங்க?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த 'ஏனுங்க'வைக் கேட்டதும் துரைக்குச் சந்தேகமே போய்விட்டது. சம்பந்தி வீட்டுப் பேச்சேதான். "நான்தான் தலைவர் தொரை! வாங்க, வாங்க!"

"எத்தனை வருசமா தலைவரா இருக்கறீங்க?"

"பதினாலு வருசமா நான்தான். எதுத்து நிக்க எவனுக்கும் தில்லு கெடையாது."

"உங்க பொறுப்புல எத்தனை இருக்குதுங்க?"

"முப்பத்திரெண்டு வண்டி. எல்லாம் கரீக்டா லைன்ல நிக்கும்."

"முப்பத்திரண்டா!" பேராசிரியர் அசந்துபோனார். "பெரிய பெரிய துறையில ஒண்ணு கூட இல்லீங்களே." குழுவில் இருந்த அம்மையார் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்றாமவர் பேசவில்லை, கேசரி சாப்பிட்டார்.

இதற்குள் இன்னொரு சங்கடம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்? தாய்மாமன், அதாவது துரையின் மகன், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். சூப்பிரண்டு சொல்லித்தந்த பொய் அங்கே நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது! நல்ல நேரம் முடியப்போகிறது. துரை சுற்றிப் பார்த்தார். பெரிய மனிதராக, மாலையோடு, கோவைப் பேராசிரியர் நிற்கிறார்.

"அப்பன் வழி ஆளு எப்டிடா மாமன் ஆவான்?" என்று ஒரு கிழவி சண்டைக்கு வந்தாளாம்.

"மடிதான ஆயா வேணும்? மடிக்கு இன்னா மொறை?" என்று துரை சொல்லி, அவரைப் பிடித்து மணையில் உட்கார வைத்து, பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துவிட்டார்.

நாங்கள் போய் இறங்கியபோது பார்த்தது இதைத்தான். பந்தல் முழுக்க ஆள். டிரம்ஸ் செட் காதைப் பிளக்கிறது. நடுவில், துறைகளை மூடுகிறவர் என்று பேர் வாங்கியவர், மடியில் மொட்டைத் தலைப் பாப்பாவோடு. ஒரு காது குத்தியாயிற்று. பாப்பா வீறிட்டு அழுகிறது, வாய் திறந்திருப்பது தெரிகிறது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. பேராசிரியர் முகம் வேர்த்து, எதையோ கத்துகிறார். பக்கத்தில் காது குத்துகிற ஊசியோடு இருக்கும் பத்தருக்கே கேட்கவில்லை. பத்தர் காதில் கை வைத்து "இன்னா?" என்கிறார். அதைப் பார்த்து, இன்னும் பலமாக வாசிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு டிரம்ஸ்காரர் இன்னும் பலமாக வாசிக்கிறார்.

தலைவர் அம்மா கூட்டத்துக்குள் பாதி தூரம் போய் நெருக்கடியில் நின்றுவிட்டார். நானும் ஜெயந்தியும் வாசலில். ஜெயந்தி என் தோளைத் தட்டினாள். தூரத்தில் பேராசிரியர் உதட்டைக் காட்டினாள். இரண்டு உதடும் ஒட்டிப் பிரிவதைத் தன் விரலால் செய்து காட்டினாள். அம்மா. அம்மா என்று கூப்பிடுகிறார். குழந்தையின் அம்மாவைக் கேட்கிறார்!

கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கையை உயர்த்தி, எந்த அம்மா என்று தலைவர் அம்மாவிடம் ஜாடையில் கேட்டாள். பக்கத்தில் நின்றவர் காதில் கத்திக் கேட்டுவிட்டு, பந்தல் நடுவிலிருந்து அவர் கையால் பதில் சொன்னார்: பச்சைப் புடவை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். குத்துவதைப் பார்க்கச் சகிக்காமல் பெற்றவள் அங்கே போய்க் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். ஜெயந்தி ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு இழுத்து வந்து, பாப்பாவின் முன்னால் நிறுத்திவிட்டாள். பாப்பா அம்மா முகத்தைப் பார்த்து மூச்சு வாங்கியது. பத்தர் அந்த மூச்சில் இன்னொரு காதையும் முடித்துவிட்டார்.

காது நன்றாகக் கேட்கிற அத்தனை பேர் இருந்தார்கள், பிள்ளைகளே. அவர் சொன்னது, எதுவுமே காதில் விழாத ஒருத்திக்கு மட்டும்தான் கேட்டது.

பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் வாயைப் பிளந்து என்னிடம் கத்தினார்: "இன்னாக்கா இது! செல்லு இல்லாம, சத்தம் இல்லாம, இங்கேர்ந்து அங்க பேசிக்கிறாங்க!"

இனி நான் என் பங்கைச் செய்ய வேண்டும். இடித்துப் பிடித்து மணைக்கு முன்னால் போய், பேராசிரியரிடம் என் தப்பைச் சொன்னேன். "என்னங்க?" என்கிறார். கேட்கவில்லை. இன்னும் பலமாகச் சொன்னேன். "என்னங்க?" மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து கத்தினேன். காது குத்தி முடிந்ததைப் பார்த்து, அந்த நொடியில் டிரம்ஸ்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"தப்பு பண்ணவ நான்தான் ஐயா!"

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பந்தல் மொத்தமும் என்னைப் பார்க்கிறது.

"இன்னாடி தப்பு பண்ண?" என்றாள் கிழவி, ஆசையாக.

சொன்னேன். துறை என்று நான் சொன்னதும் துரை என்று பாய் கேட்டதும், எல்லாம். சொல்லி முடிக்கும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து நிஜமான மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள்.

துரை அவர்களைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். "அப்போ... இவங்க சம்பந்தி இல்லியா?"

பேராசிரியர் துரையைப் பார்த்தார். "அப்போ... இவரு துறைத் தலைவர் இல்லீங்களா?"

"தொரைதாங்க. தலைவர்தாங்க. ஆனா அந்தத் தொறை இல்லீங்க" என்றார் யூசுப் பாய், பின்னாலிருந்து, பரிதாபமாக.

தலைவர் அம்மா முன்னால் வந்து கை கூப்பினார். "சிறப்புக் கல்வித் துறை நான்தான் சார். வண்டி எங்க ஏற்பாடு. தப்பு எங்களோடது. உங்க நேரம் வீணாயிடுச்சு." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

நான் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பேராசிரியர் நோட்டு வைத்திருந்த அம்மையாரைப் பார்த்தார். "அம்மணி, அந்த முப்பத்திரண்டு வாகனத்தை அடிச்சிருங்க" என்றார். அந்த அம்மையாருக்கு முதலில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் அவருக்கு. அப்புறம் பேசாதவருக்கே. மாலை குலுங்கக் குலுங்க, சட்டையெல்லாம் சந்தனமாக, அவர் சிரித்ததைப் பார்த்துப் பாப்பாவும் சிரித்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் ஜெயந்தியைக் காட்டிக் கேட்டார். "அந்தப் புள்ளை யாருங்க?"

"எங்க மாணவி சார்."

"நான் கூப்பிட்டது அதுக்கு மட்டும் எப்படிங்க கேட்டுது?"

"அவளுக்குக் காது கேக்காது சார்" என்றார் தலைவர் அம்மா.

அவர் ஜெயந்தியை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு, "போலாமுங்க, உங்க துறைக்கு. இந்தத் தடவை டிரைவருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிருங்க" என்றார். துரை விடவில்லை. இலை போட்டு, பிரியாணி வைத்து, வெற்றிலைப் பையும் கொடுத்த பிறகுதான் அனுப்பினார். மதியம் நம் துறைக்கு வந்தவர்கள் பொழுது சாயும்வரை போகவில்லை. சின்னப் பிள்ளைகளின் பயிற்சி வகுப்பில் பேராசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் பெயரைக் கையால் சொல்லக் கற்றுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் கூடை நிறைய பன் கொடுத்தேன். கூட நின்று எடுத்துக் கொடுத்தவள் ஜெயந்தி.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. தபாலை வாங்கியது நான். பிரிப்பது என் வேலை இல்லை, அதனால் நேராகச் சூப்பிரண்டிடம் ஓடினேன். சூப்பிரண்டு பிரித்துப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"சிறப்புக் கல்வித் துரை தனித்துத் தொடர்ந்து இயங்கலாம்னு போட்டுருக்கு" என்றார்.

"சந்தோஷம்தானே சார்?"

"சின்ன ர போட்டுருக்காங்க பிலோமினா. துரைன்னு! இது செல்லாது. திருத்தி வாங்கணும், திருப்பி அனுப்பணும்."

தலைவர் அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். நான் முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். "இதைத் திருப்பி அனுப்பினா எங்க போய்ச் சேருமோ. பிழை திருத்தம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் போடுங்க சார். இது நம்மகிட்டயே இருக்கட்டும்."

அதனால் என் பிள்ளைகளே, போனில் பேசும்போது ஏணியிலிருந்து இறங்கிப் பேசுங்கள். யாரை, எங்கே, எந்தக் கட்டடம் என்று முழுசாகச் சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். மொழிக் கல்விக்காரர்கள் முறைத்தாலும் பரவாயில்லை, டிரைவரிடம் 'டிபார்ட்மெண்ட்' என்றே சொல்லுங்கள். எல்லாம் மீறித் தப்பு நடந்துவிட்டால், மேளம் நிற்கும் என்று காத்திராதீர்கள். உடனே கத்திவிடுங்கள்.

அந்த உத்தரவுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரச்சொல்லி துரை என்னிடம் கேட்டார். தலைவர் அம்மா சரி என்றார், கொடுத்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, ஸ்டாண்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தலைவரே, இதுல உன் பேரு கீது?"

துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எலெக்சன்லாம் இனிமே கெடையாது நைனா. நான் தனிச்சு, தொடர்ந்து இயங்கலாம்னு மேலேர்ந்தே ஆர்டர் வந்துடுச்சு."